மோட்டார் மாட்டிய சைக்கிளில் புதுச்சேரிப் பயணம்: பெட்ரோலா, பேட்டரியா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கி.மீ. சாதாரண சைக்கிளில் மோட்டார் மாட்டிப் போவதென்றால், தூரத்துக்குப் பெட்ரோல் கிட்தான் (சைக்கிளில் பொருத்தும் சின்ன பெட்ரோல் எஞ்சின்) தோது. வழியெல்லாம் பங்க் உண்டு; பெட்ரோலில் கலக்கும் 2 ஸ்ட்ரோக் ஆயிலை மட்டும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த அதிர்வு இருக்கிறதே! டீக்கடையில் நிற்கும்போதெல்லாம் ஸ்பேனரை எடுத்து, பின்சக்கரத்துப் பல்சக்கர போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்க வேண்டும். போதாததற்கு, எஞ்சின் 25 சிசிக்கு மேல் போனால் வண்டிப் பதிவும் வேண்டும்.

250 வாட், 25 கி.மீ. வேகத்துக்குள் அடங்கும் மின்சைக்கிளுக்கு அந்தப் பதிவுத் தொல்லை இல்லை. சரி, தூரம்? 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில், கூடவே மிதித்தால் 40 கி.மீ. போகலாம். அப்புறம் 2 ஆம்பியர் சார்ஜரில் 5 மணி நேரம் காத்திருப்பு. நானாக இருந்தால் இரண்டு பேட்டரி கட்டிக்கொண்டு, பாதி தூரத்தில் இரவு தங்கிவிடுவேன்.