போடிமெட்டு செக்போஸ்ட் பக்கத்துல அக்கா டீக்கடை

போடில இருந்து வாரத்துல மூணு நாள் ஏலத்தோட்டத்துக்கு மோட்டார் ரிப்பேர் பாக்க மேல போறவன் நான், ஆறு வருசமா காலை டீ இந்தக் கடைலதான். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிச்சு கேரளாவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு தகரக்கூரை, போர்டு கிடையாது, அக்கா கடைன்னா ஜீப் டிரைவர் யாரும் காட்டுவாங்க.

டீக்கு ஏலக்காய தோலோட நசுக்கிப் போடுவாங்க. எட்டு எம்எம் பெரிய காயெல்லாம் ஏலத்துக்குப் போயிரும், இங்க வர்றது வெடிப்புக் காய், ஆனா வாசனைல ஒரு குறையும் இல்ல. பருப்பு வடை சூடா இருந்தா மட்டும் வாங்குங்க, ஆறிட்டா கல்லு மாதிரி ஆயிரும். கட்டஞ்சாயா, அதான் பால் இல்லாத டீ, கேட்டா கேரளாக்காரங்களுக்குப் போடுற மாதிரியே போட்டுத் தருவாங்க.

ஆறரை மணிக்கு ஜீப் வர ஆரம்பிச்சா நமக்கு டீ லேட்டாகும், கோவப்படாதீங்க. தேவாரம், சிலமலை, ராசிங்காபுரம்னு அடிவாரத்துல இருந்து காய் எடுக்கப் போற பொம்பளைங்க, நாலு மணிக்கே எந்திரிச்சு சோறாக்கி தூக்குல போட்டுட்டு வந்தவங்க, அவங்களுக்குத்தான் அக்கா முதல்ல கொடுப்பாங்க, அதுதான் சரி. கடன் நோட்டை ஒருநாள் பாத்தேன், பேருக்குப் பதிலா "பச்ச ஜீப்பு பின் சீட்டு" "சிலமலை மூக்குத்தி"ன்னு இருந்துச்சு. சம்பளம் சனிக்கிழமை வரும், அன்னைக்கு கோடு போட்டு அடிச்சிருவாங்க. தோட்டத்து சாவி, மருந்துக் கவரு, யாரோ விட்டுட்டுப் போன குடை எல்லாம் அந்தக் கல்லாப்பெட்டிக்குக் கீழதான் இருக்கும்.

போன மழைக்கு மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சு நாலு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தோம், அப்பதான் அமெரிக்கால நெப்ராஸ்கால மோனோவின்னு ஒரு ஊரு இருக்குறத அக்காகிட்ட சொன்னேன். 2010 சென்சஸ்ல அந்த ஊருக்கு ஜனத்தொகை 1, எல்சி ஐலர்னு ஒரு அம்மா மட்டும். வீட்டுக்காரரு ரூடி 2004ல இறந்துட்டாரு, அவரு சேத்து வச்ச 5000 புஸ்தகத்த லைப்ரரியா ஆக்கினாங்க. மேயரும் அவங்கதான் கிளார்க்கும் அவங்கதான், தன்னோட கடைக்கு மது லைசென்ஸ் தானே கையெழுத்துப் போட்டு, தனக்குத்தானே வரி கட்டி ஊர்ல நாலு தெருவிளக்க எரிய வச்சாங்க. சுத்துவட்டார விவசாயிங்க பல மைல் வண்டி ஓட்டிட்டு வந்து சாப்பிடுற கடை அது, திங்கக்கிழமை மட்டும் லீவு.

அக்கா அடுப்ப அணைச்சிட்டு முழுசா கேட்டாங்க. "அந்தம்மா காய்ச்சல்னு படுத்தா யாரு தம்பி சுடுதண்ணி வச்சுக் குடுப்பா?"ன்னாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இவங்க கீழ விழுந்து கை ஒடிஞ்சப்ப ஜீப்புக்காரங்கதான் மாத்தி மாத்தி பால் காய்ச்சி கடைய நடத்துனாங்க, நானும் ஒருநாள் கிளாஸ் கழுவினேன்.

நெட்வொர்க் வரும் போகும், சில்லறை கொண்டு போங்க. வாசல் லைட்டு கம்பம் எரியாம ரொம்ப நாளாச்சு, எழுதிக் கொடுத்தும் யாரும் வரல, அதனால அக்காவே பல்பு வாங்கி கூரை முனைல மாட்டியிருக்காங்க. பனில ரோடு தெரியலன்னா அந்த மஞ்ச வெளிச்சத்தப் பாத்து வண்டிய ஓரங்கட்டுங்க.