மதுரையில் பழைய லாட்ஜின் பெயரைப் பார்த்து முன்பணம் அனுப்புவோர் கவனத்திற்கு

மதுரை ரயில் நிலையத்திற்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே உள்ள தெருக்களில் இருக்கும் பழைய லாட்ஜ் ஒன்றில் அறை எடுக்க எண்ணுபவர்கள், குறிப்பாக 1980களிலும் 1990களிலும் பெற்றோருடன் அங்கே தங்கிய நினைவில் இப்போது தம் குடும்பத்தோடு போக விரும்புபவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லாட்ஜின் பெயர் அதேதான், கட்டடம் அதுவல்ல. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

ராமநாதபுரத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் முழுப்பரீட்சை விடுமுறை என்றாலே மதுரைதான், மதுரை என்றாலே அந்த லாட்ஜ்தான். சிவப்புச் சிமெண்டுத் தரை, மரக் கைப்பிடி வைத்த மாடிப்படி, காலையில் ரூம் பாய் வாளியில் கொண்டுவந்து வைக்கும் வெந்நீர் ஆகியவற்றைத் தவிர அங்கே பெரிய வசதி எதுவும் இல்லை. ஆனால் மொட்டை மாடிக்கு ஏறினால் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் முழுதாகத் தெரியும். எந்த நேரத்தில் அறை எடுத்தாலும் மறுநாள் அதே நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருபவர்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை என்று அப்பா சொல்வார்.

இந்த ஆண்டு தை மாதம் அம்மாவை அங்கேயே தங்க வைக்க விரும்பி, இணைய வரைபடத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் கீழ்த்தளத்திலோ லிஃப்ட் உள்ள இடத்திலோ அறை வேண்டும் என்றும், மாடியிலிருந்து கோபுரம் தெரியுமா என்றும் கேட்டதற்கு இரண்டுக்கும் ஆமாம் என்றார். வாடகை நாளுக்கு 2,400 ரூபாய் என்று சொல்லி, ஒரு நாள் வாடகையை முன்பணமாக ஜிபேயில் அனுப்பச் சொன்னார். பழைய கட்டடத்தின் படங்களையும் வாட்ஸப்பில் அனுப்பினார். அதே மாடிப்படி, அதே கைப்பிடி.

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் போய் இறங்கினோம். பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜவுளிக்கடை வந்திருந்தது; மேல்தளங்களின் சன்னல்கள் பலகை அடித்து மூடப்பட்டிருந்தன. பக்கத்து டீக்கடைக்காரர்தான் விவரம் சொன்னார். லாட்ஜின் உரிமையாளரான பெரியவர் காலமான பிறகு வாரிசுகள் கட்டடத்தைத் தனியாகவும், லாட்ஜின் பெயரை வேறு ஒருவருக்குத் தனியாகவும் குத்தகைக்கு விட்டுவிட்டார்களாம். எங்களைக் கூட்டிப்போக வந்த பையன், பின்சந்தில் இருந்த ஒடுக்கமான கட்டடத்திற்கு அழைத்துச் சென்றான். அறை மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. கேட்டபோது ரிசப்ஷனில் இருந்தவர், “அம்மாவை மெதுவா ஏறச் சொல்லுங்க சார், அவசரம் ஒண்ணும் இல்லையே” என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது சார், போன்லயே சொல்லியிருப்பாங்களே” என்றார். அப்படி யாரும் சொல்லவில்லை.

அழுக்குப் போர்வை, ஓடாத ஏசி, கழிப்பறைத் தண்ணீர் வடியாத கதை எல்லாம் எங்கும் நடப்பதுதான். 24 மணி நேர முறையை எடுத்துவிட்டு, பகல் 12 மணிக்கே காலி செய்ய வேண்டும் என்று மாற்றியிருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விடியற்காலையில் வந்ததற்கு அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்டார்கள். நீண்ட வாக்குவாதத்திற்குப் பிறகே விட்டார்கள். கோயில் நடை மதியம் 12.30க்குச் சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறது. 12 மணிக்கு அறையை விட்டு இறங்கினால், வயதானவர்கள் பெட்டியோடு அந்த வெயிலில் எங்கே போய் உட்காருவார்கள்? இதற்கிடையில், சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கித் தருவதாக ஒருவர் அறைக்கே வந்து பல மடங்கு பணம் கேட்டார். அந்தச் சீட்டைக் கோயில் கவுண்டரிலேயே யாரும் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம்.

காலி செய்யும்போது கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. ஒவ்வொரு நாளுக்கும் வாடகை 2,400, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று 432, சர்வீஸ் சார்ஜ் 240, ஆக 3,072 ரூபாய் என்று பேனாவால் எழுதியிருந்தது. லாட்ஜின் ஜி.எஸ்.டி. எண் எங்கேயும் இல்லை. நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். அதாவது 120 ரூபாய். 18 சதவீதம் அதற்கு மேற்பட்ட வாடகைக்கு உரியது. சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. ஆக, ஒரு நாளைக்கு 552 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. எண் போட்ட முறையான பில் கேட்டேன். “ஓனர் வந்ததும் வாட்ஸப்ல அனுப்புறோம் சார்” என்றார்கள். இதுவரை வரவில்லை, இப்போது என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

இவர்களிடம் அறை எடுத்தே ஆக வேண்டியவர்கள், பணம் அனுப்பும் முன் அறை எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில், எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்று எடுத்த வாசல் வீடியோ ஒன்றும் கேளுங்கள். தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்து; ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதை உள்ளிட்டால், பதிவு யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது கட்டணமின்றித் தெரியும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் அந்தத் துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம். முறையான ரசீது தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் புகார் சொல்லலாம். நான் அங்கே பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாம். இதற்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். என் புகாருக்கு லாட்ஜ் தரப்பில் இன்னும் பதில் வரவில்லை. சென்னை ஆணையத்திற்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இதே பெயரில், இதே பின்சந்தில் ஏமாந்த மற்றவர்கள் தங்கள் சீட்டின் படத்தை எனக்கு அனுப்பினால் மனுவோடு சேர்க்க உதவியாக இருக்கும்.