பழைய ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்கள் ஆன்லைனில் வீல்-டயர் செட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை ஒரு மெயில். "உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டு மூடப்பட்டது." எதைத் தீர்த்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. அதே மெயிலின் அடியில், எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி வேறு. போனது என் ஒன்றரை மாதச் சம்பளம். அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று அவர்களே சொல்லட்டும்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் இந்தப் பதிவு நாளைக்கு இங்கே இருக்காது. வீல், டயர் மட்டும் விற்கும் ஆன்லைன் கடை என்பது போதும். காரின் மாடலையும் வருடத்தையும் கொடுத்தால் "உங்கள் காருக்குப் பொருந்தும்" என்று பச்சை டிக் காட்டுமே, அந்த வகை. டயரை ரிம்மில் ஏற்றி, பேலன்ஸ் செய்து, அவர்களுடைய "பார்ட்னர்" ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவார்கள், நாம் அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டும்.

கார் 2002ஆம் வருட சுபாரு இம்ப்ரெசா. ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும். டர்போ இல்லாதது, ஆட்டோமேட்டிக். கம்பெனி டயர் 205/55 ஆர் 16 (டயர் அகலம் 205 மி.மீ., ரிம் 16 அங்குலம், நடு எண்ணைப் பிறகு சொல்கிறேன்), ரிம் 6.5 அங்குல அகலம், ஆஃப்செட் 48 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் ஒட்டி உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்ற அளவு. இது குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும்). பழைய ரிம்களில் ஒன்று நெளிந்துவிட்டது, டயர்களும் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டன. சரி, இதோடு 17 அங்குலத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். 225/45 ஆர் 17 போட்டால் டயரின் மொத்த விட்டம் 634 மி.மீ. வரும். பழையது 632. ஸ்பீடோமீட்டர்கூட ஏமாறாது. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் அவர்களிடமே போனேன்.

இப்போது வயிறு எரிவது அவர்களோடு நடந்த ஆன்லைன் சாட் உரையாடலை நினைத்துத்தான். பச்சை டிக்கை நம்பி நான் பணம் கட்டவில்லை. ஆளிடம் பேச வேண்டும் என்றேன், ஒருவர் வந்தார். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பழைய ரிம்மின் பின்புறத்தில் வார்த்திருக்கும் எண்களைக் கேட்டார். அதையும் அனுப்பினேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: "சார், கியர் ஆட்டோவா, மேனுவலா?"

அங்கேதான் விழுந்தேன். இந்தக் கேள்வியைச் சாதாரண டயர் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் காலத்து இம்ப்ரெசாவில் மேனுவல் என்றால் நடுவில் டிஃபரன்ஷியலும் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) அதோடு விஸ்கஸ் கப்ளிங்கும் (அந்த வித்தியாசம் கூடினால் பிடித்துக்கொள்ளும் திரவ இணைப்பு). என்னுடையது போன்ற ஆட்டோமேட்டிக்கில், பின்சக்கரங்களுக்குப் போகும் இழுவையைப் பல தட்டு கொண்ட ஒரு கிளட்ச் கட்டுப்படுத்தும். நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றாக இல்லை என்றால் அடி விழுவது அங்கேதான். இதைத் தெரிந்துகொண்டு கேட்கிறார், இவர் நம்ம ஆள் என்று நினைத்தேன். "ஆல் வீல் டிரைவ், நான்கும் ஒரே அளவு, ஒரே மாடலாக இருக்க வேண்டும்" என்று நானே எழுதினேன். "கண்டிப்பாக சார், எங்களுக்குத் தெரியாதா, நீங்கள் நிம்மதியாக இருங்கள்" என்று பதில். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. உடனே பணம் கட்டினேன். ஒன்றரை மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

மாட்டும் இடத்தில் நம்மைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள். வீல்கள் பிளாஸ்டிக் சுற்றி வந்தன. உள்ளே கொண்டுபோய்ப் பிரித்தார்கள், ஏர் கன் சத்தம் கேட்டது, வண்டியை வெளியே கொண்டுவந்தார்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நெடுஞ்சாலையில் 90ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின் டயர் ஃபெண்டரில் உரசும் சத்தம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று சொல்ல வைத்தது அடுத்தது. அரை மணி நேரம் ஓடி வண்டி நன்றாகச் சூடான பிறகு, பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால், யாரோ ஹேண்ட் பிரேக்கைப் போட்ட மாதிரி பிடித்து, குதித்துக் குதித்துத் திரும்பியது. பழைய டயரில் இப்படி ஒருநாளும் செய்ததில்லை.

எப்போதும் போகும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் போனட்டைத் திறந்து ஒரு ஃபியூஸைச் சொருகினார். இந்தப் பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில் அதற்கென்றே ஒரு காலி இடம் உண்டு. ஃபியூஸ் வைத்தால் பின்சக்கர இழுவை விட்டுவிடும், முன்சக்கரம் மட்டும் இழுக்கும். சின்ன ஸ்டெப்னியைப் போட்டு ஓட்ட நேர்ந்தால் கிளட்ச் பாழாகாமல் இருக்கத்தான் கம்பெனியே அதை வைத்தது. (நிரந்தரமாக அப்படியே ஓட்டக்கூடாது, அது வேறு வினை.) ஃபியூஸோடு ஒரு சுற்று சுற்றினார். பிடிப்பு போயே போய்விட்டது. "தம்பி, டயரைப் பாரு" என்றார்.

பார்த்தோம். முன்னால் இரண்டும் 225/45 ஆர் 17. பின்னால் இரண்டும் 215/45 ஆர் 17.

பார்ப்பவருக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றாது. அகலத்தில் 10 மி.மீ.தானே? இல்லை. நடுவில் இருக்கும் 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அதுவும் அகலத்தில் 45 சதவீதம். அகலம் குறைந்தால் உயரமும் குறையும். 225 டயரின் விட்டம் 634 மி.மீ., 215 டயருக்கு 625. சுற்றளவில் வித்தியாசம் 28 மி.மீ. அண்ணன் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, தரையில் டேப் வைத்து அளந்தார். கிட்டத்தட்ட அதேதான் வந்தது. சுபாரு அனுமதிக்கும் வித்தியாசம் சுற்றளவில் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் என் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட ஏழு சுற்று அதிகம் சுற்றிக்கொண்டிருந்தன. வளைவில் மட்டும் கொஞ்ச நேரம் வழுக்கிக் கொடுக்க வேண்டிய கிளட்ச், நேர் சாலையிலும் ஓயாமல் தேய்ந்துகொண்டிருந்தது. நடை ஒவ்வாத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டினால் எப்படி இருக்கும், அதுதான்.

போதாதா? பின் டயர்களின் லோடு இண்டெக்ஸ் (தாங்கும் எடைக்கான குறியீடு) 87, ஒரு டயருக்கு 545 கிலோ. என் காரின் பழைய டயர் 91, 615 கிலோ. ரிம்மைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் ஆஃப்செட் 35. கடையின் பக்கத்தில் 48 என்றுதான் போட்டிருந்தது. ஆஃப்செட்டில் 13 மி.மீ., 7.5 அங்குல ரிம் என்பதால் அகலத்தில் இன்னொரு 13 மி.மீ., ஆகப் பழைய ரிம்மைவிட வெளி விளிம்பு 26 மி.மீ. தள்ளி நிற்கிறது. உரசாமல் என்ன செய்யும்? பேரிங்குக்கும் அது கூடுதல் சுமை. ரிம்மின் நடுத்துளை 73.1 மி.மீ., அது உட்காரும் சுபாரு ஹப்பின் நடுக்குமிழ் 56.1. எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று பெரிய துளையோடு செய்த ரிம் அது. இடைவெளியை நிரப்பும் வளையம் நான்கு வேண்டும். ஒன்றுகூட இல்லை. ரிம் மையம் தவறி உட்கார்ந்திருந்தது, அதுதான் 90இல் நடுக்கம். நட்டும் தப்பு. சுபாருவுக்கு 12 மி.மீ., 1.25 பிட்ச் (மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி, மி.மீ.). மாட்டியிருந்தது 1.5 பிட்ச். கையால் ஏறாததை ஏர் கன்னால் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். நட்டு ஏறும் போல்ட்டுகளில், அதாவது ஸ்டட்டில், இரண்டில் மரை போய்விட்டது.

ஆக அந்தப் பச்சை டிக் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான்: 5×100, ஐந்து துளை, 100 மி.மீ. வட்டம். துளை ஒத்துப் போனால் பொருந்தும். சாட்டில் நான் அனுப்பிய படங்களை யாராவது திறந்தாவது பார்த்தார்களா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆட்டோவா மேனுவலா என்ற கேள்வி அவர்களுடைய மனப்பாடப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான் போல.

அடுத்து நடந்ததுதான் நாடகம். முதலில் போன் எடுத்த பெண், "புது டயர் சார், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டினால் செட் ஆகிவிடும்" என்றார். 215 டயர் ஓட ஓட 225 ஆகிவிடுமா? அடுத்தவர், "முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ் போடுவதுதான் இப்போது ஸ்டைல் சார்" என்றார். பின்சக்கர இழுவைக் காரில் போடுவார்கள், அதிலும் அகலமான டயர் பின்னால்தான் போகும். எனக்கு அதையும் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் உண்மையைச் சொல்லிவிட்டார்: 225இல் இரண்டுதான் ஸ்டாக் இருந்ததாம், "அதற்கு இணையான" டயரை அனுப்பிவிட்டார்களாம். என்னைக் கேட்கவில்லையே என்றேன். விதிமுறையில் இருக்கிறது என்றார்.

அதே விதிமுறையில்தான் இன்னொன்றும் இருக்கிறது. ஒருமுறை காரில் மாட்டிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். மாட்டுவது அவர்கள் ஆள், பிரிப்பது அவர்கள் ஆள், எனக்குக் கண்ணில் காட்டுவது மாட்டிய பிறகு. அப்போது எந்த நிமிடத்தில் நான் திருப்பித் தந்திருக்க முடியும்? இதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஒவ்வொரு முறையும் புது ஆள். ஒவ்வொருவருக்கும் அதே படங்கள் மறுபடி வேண்டும். ஒருவர், "கார் ரொம்பப் பழசு சார், கியர்பாக்ஸ் முன்னாடியே போயிருக்கும்" என்றார். ஃபியூஸ் வைத்த வீடியோ, பழைய டயரைத் திரும்ப மாட்டியதும் பிடிப்பு குறைந்த வீடியோ, இரண்டையும் அனுப்பினேன். பதில் இல்லை. கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு கூப்பன் கொடுத்தார்கள். அடுத்த செட் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். ஒன்றரை மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு, மறுபடி ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கொண்டுவா என்கிறார்கள். அதை மறுத்ததும்தான் இன்று காலை "தீர்த்துவைக்கப்பட்டது".

கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கியர்பாக்ஸின் பின்பகுதியைக் கழற்றினால்தான் தெரியும் என்கிறார் அண்ணன். ஆயிலை மாற்றியிருக்கிறார், இப்போதைக்கு ஓடுகிறது. ஸ்டட்டும் மாற்றியாகிவிட்டது, அந்தச் செலவு ஒன்றரை மாதச் சம்பளத்தில் சேரவில்லை.

எந்த அளவு எடுக்கலாம், எப்படிக் கணக்குப் போடலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

பச்சை டிக்கை நம்பாதீர்கள். துளை எண்ணிக்கை, வட்டம், ரிம் அகலம், ஆஃப்செட், நடுத்துளை, நட்டின் பிட்ச், இவை அனைத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள், சாட்டில் வந்த உத்தரவாதம் செல்லாதாம். டயர் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு. ஒன்று மட்டும் புதிது, மற்ற மூன்றும் பட்டன் (தரையில் படும் மேற்பகுதி) தேய்ந்த பழசு என்பதும் ஆல் வீல் டிரைவுக்கு ஆகாது. பக்கச் சுவரில் இருக்கும் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. விட்டம் பழைய அளவிலிருந்து ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் விலக வேண்டாம். 17 போட்டே ஆக வேண்டும் என்றால் ரிம் 7 அங்குலத்தோடு நிறுத்துங்கள், ஆஃப்செட் 48க்குக் கீழே வேண்டாம்.

மாட்டும் முன் பிளாஸ்டிக்கைப் பிரித்து உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். நட்டை முதலில் கையால் ஏற்றச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். நான் கார்டில்தான் கட்டினேன், பேங்கில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், முழுப் பில்லும் ஸ்கிரீன்ஷாட்டும் கேட்டிருக்கிறார்கள். அதை அனுப்பப் போகிறேன். இதே வகைக் கடையில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் எப்படி என்று கீழே எழுதுங்கள்.