மயோசின்: தூளாக வாங்குவதா, தசையிலிருந்து எடுப்பதா?

சிங்கப்பூரில் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்திலோ கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்திலோ ஆய்வுக்குச் சேரும் நம் பிள்ளைகள், தசை பற்றிய ஆய்வு என்றதும், தசையைச் சுருங்கவைக்கும் புரதமான மயோசினைத் தூளாக வாங்குவதா, தசையிலிருந்து எடுப்பதா என்றுதான் கேட்கிறார்கள். எந்தச் சோதனைக்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை மயோசின் பிளக்கும் வேகத்தை, அதாவது ஏடிபியேஸ் அளவை, அளப்பதுதான் வேலை என்றால் வாங்கிவிடுங்கள். உறையவைத்து உலர்த்திய தூள் விலை கூடியதுதான். ஆனால் தூய்மைச் சான்றிதழோடு வரும், சில வாரப் பயிற்சித் திட்டத்துக்கு அது போதும். கரைத்ததை அன்றே பயன்படுத்துங்கள். மீண்டும் உறையவைத்தால் செயல்திறன் இறங்கும்.

கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மயோசினின் மேல், தசையின் இன்னொரு புரதமான ஆக்டினின் இழைகள் நகர்வதை நுண்ணோக்கியில் பார்ப்பது வேறு கதை. அங்கே என் வாக்கு, புதிதாகப் பிரித்தெடுத்த மயோசினுக்கே. தூளாக்கும்போது, ஆக்டினைப் பிடித்து இழுக்கும் மயோசின் தலைகளில் ஒரு பகுதி பழுதாகலாம். நூற்றில் பத்து பழுதானால் ஏடிபியேஸ் அளவு பத்து விழுக்காடு குறையும், அவ்வளவுதான். நகர்வுச் சோதனையிலோ அந்தப் பத்தும் ஏடிபி இருந்தும் ஆக்டினைவிட்டு விலகாமல், தேர்ச் சக்கரத்தின் முட்டுக்கட்டை போல இழையை நிறுத்திவிடும். மற்ற தொண்ணூறும் நன்றாக இருந்தும் பயனில்லை. சான்றிதழில் உள்ள ஏடிபியேஸ் எண் இதைக் காட்டாது. எந்த மயோசினாக இருந்தாலும் ஆக்டினும் ஏடிபியும் சேர்த்து அதிவேக மையவிலக்கியில் சுழற்றுங்கள். பழுதான தலைகள் ஆக்டினோடு அடியில் படியும். மேலே நிற்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுக்க முயல், கோழி இரண்டும் பழகிய மூலங்கள். முயலுக்கு விலங்கு ஆய்வு ஒப்புதல் வேண்டும், அதற்கே நாள் பிடிக்கும். கோழி நெஞ்சுக்கறி தேக்கா சந்தையிலேயே கிடைக்கிறது. அன்று காலை வந்த கோழியா என்று கடைக்காரரிடம் கேட்டு, பனிக்கட்டியில் புதைத்துக் கொண்டு வாருங்கள். உறையவைத்த இறக்குமதிக் கறி வேண்டாம். சந்தைக் கறியை ஆய்வகத்துக்குள் கொண்டுவர உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புப் பிரிவிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

கறியை அரைத்து, குளிர்ந்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் கலக்குங்கள். நேரம் நீண்டால் ஆக்டினும் சேர்ந்து வெளியேறும். பிறகு வடிகட்டிய கரைசலில் பத்து மடங்குக்கும் மேல் குளிர்ந்த தூய நீர் சேர்த்தால் உப்பு நீர்த்து மயோசின் இழைகளாகத் திரண்டு படியும். இந்த எளிமை எனக்கு இன்றும் வியப்பு! எல்லாம் 4 டிகிரியில் நடக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் குளிரறையைவிட்டு வெளியே எடுக்கவே கூடாது. சரிபாதி கிளிசராலில் மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

அடுத்தது, முழு மயோசினா, துண்டா? மயோசின்கள் சேர்ந்து தசையின் தடித்த இழை உருவாவதை ஆராய முழு மயோசின். நகர்வுக்கு இரு தலைகளும் கொஞ்சம் வாலும் கொண்ட எச்எம்எம் துண்டே என் தேர்வு: குறைந்த உப்பிலும் கரையும், தகட்டிலும் நன்றாக ஒட்டும். வினைவேக அளவீட்டுக்கு ஒற்றைத் தலையான எஸ்-1. 1993இல் வெளியான அதன் முப்பரிமாண வடிவம் கோழித் தசையிலிருந்து கிடைத்ததே. கைமோட்ரிப்சின் நொதியே இரண்டையும் வெட்டித் தரும். மக்னீசியம் இருந்தால் எச்எம்எம், அதைப் பிடித்து விலக்கும் எடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் எஸ்-1.

இதய மருந்துகளைச் சோதிப்போருக்கு மேலே சொன்ன கோழி உதவாது. 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாவகாம்டென் என்ற மருந்து இதய மயோசினைக் குறிவைப்பது. எலும்புத் தசை மயோசினில் கிடைக்கும் எண்ணை இதயத்துக்குப் பொருத்த முடியாது. எலி இதயமும் ஏமாற்றும்: அதன் கீழறையில் பெரும்பாலும் வேகமான ஆல்ஃபா வகை மயோசின், மனிதனுடையதில் மெதுவான பீட்டா. அங்கே மாட்டு இதயத்தின் மயோசினை வாங்குங்கள், செலவு பார்க்காதீர்கள்.