மூலத்துக்கு எத்தனை படி? செய்தி மாணவருக்கான தேடல் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும் என்று 2015-ல் பல நாட்டுப் பத்திரிகைகள் செய்தி போட்டன. ஆதாரம் எங்கே என்று கேட்டால் ஆய்வுக் கட்டுரை இருந்தது, அதை வெளியிட்ட ஆய்விதழ் இருந்தது, ஆய்வு நிறுவனம் ஒன்றின் பெயரும் இருந்தது. அந்த நிறுவனம் வெறும் இணையதளம்தான். ஆய்வின் பின்னால் இருந்தவர் ஜான் போஹனன் என்ற அறிவியல் செய்தியாளர். மோசமான ஆய்வு எவ்வளவு எளிதாகத் தலைப்புச் செய்தி ஆகிறது என்று காட்டத்தான் ஆவணப்படக் குழு ஒன்றுடன் சேர்ந்து அதைச் செய்தார். சோதனை நிஜமாகவே நடந்தது. ஆனால் கடைசிவரை இருந்தவர்கள் 15 பேர், அளந்ததோ 18 விஷயங்கள். இவ்வளவு சிலரிடம் இவ்வளவு அளவுகள் எடுத்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே வேறுபாடு காட்டிவிடும். எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள் என்ற எண்ணை ஒரு செய்திகூட வெளியிடவில்லை என்று பிறகு அவரே எழுதினார்.

அந்தச் செய்தியாளர்கள் யாரும் ஆதாரமே இல்லாமல் எழுதவில்லை. ஆதாரத்தின் எந்தப் படியில் நின்று எழுதினார்கள் என்பதுதான் கோளாறு. மாணவர்களுக்கு 'நம்பலாம்', 'நம்பக்கூடாது' என்று இரண்டு பட்டியல் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை போய் வெகுநாளாயிற்று. எந்த வழியையும் நான் இரண்டு கேள்விகளால்தான் எடைபோடுகிறேன். இது என்னை மூலத்துக்கு எத்தனை படி அருகே கொண்டுபோய் விடும்? தன்னிடம் என்ன இல்லை என்பதை எனக்குக் காட்டுமா? பெரிய பெயர்கள் பல சறுக்குவது இரண்டாவது கேள்வியில்தான்.

செய்திக்குறிப்பா, ஆய்வுக் கட்டுரையா?

அவசரத்தில் இருப்பவர் முதலில் எடுப்பது பல்கலைக்கழகம் அனுப்பும் செய்திக்குறிப்பைத்தான். எளிய மொழியில் இருக்கும், மேற்கோள் தயாராக இருக்கும், தலைப்புக்குக்கூட யோசிக்க வேண்டாம். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 மருத்துவ, உடல்நலச் செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அவற்றில் 40 சதவீதம், ஆய்வு சொல்லாத அளவுக்கு மிகைப்படுத்திய ஆலோசனையை வாசகருக்கு வழங்கியிருந்தன. 36 சதவீதம், விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் பொருந்துவதுபோல் நீட்டியிருந்தன. இந்த இரண்டாவது வகையில், குறிப்பு மிகைப்படுத்தியிருந்தால் செய்தியிலும் மிகை இருந்தது 86 சதவீதம். குறிப்பு அடக்கமாக இருந்தபோது வெறும் 10 சதவீதம். செய்தியாளர் தானாக ஊதிப் பெருக்குவதைவிட, ஊதிய பலூனை அப்படியே வாங்கி விற்பதுதான் அதிகம்.

அப்படியானால் ஆய்வுக் கட்டுரையை முழுக்கப் படித்துவிட வேண்டுமா? முதல் ஆண்டு மாணவரிடம் அதைச் சொன்னால் ஓடிவிடுவார். முழுக்க வேண்டாம். சுருக்கத்தைப் படித்ததும் முடிவுரைக்குத் தாவாமல் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். எத்தனை பேர், அவர்கள் யார், எத்தனை நாள், எதோடு எதை ஒப்பிட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஆய்வாளர்களே தங்கள் ஆய்வின் வரம்புகளை ஒப்புக்கொள்ளும் பத்தி. கட்டுரையிலேயே நேர்மையான இடம் பெரும்பாலும் அதுதான், செய்திக்குறிப்பில் காணாமல் போவதும் அதுதான். கடைசியாக, பணம் கொடுத்தது யார் என்ற வரி. இருபது நிமிட வேலை. சாக்லேட் செய்தியில் யாராவது இந்த இருபது நிமிடத்தைச் செலவழித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

செய்திக்குறிப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யாருக்கு போன் செய்வது, எதை அவர்கள் உலகத்துக்குச் சொல்ல ஆசைப்படுகிறார்கள் என்ற இரண்டு தகவலுக்கு அது போதும். மற்றபடி அது விளம்பரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

கூகுள், கூகுள் ஸ்காலர், பப்மெட்

சாதாரண கூகுளை மாணவர்கள் மட்டமாகவே பயன்படுத்துகிறார்கள். ஒரு சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது, ஓர் அரசுத் தளத்துக்குள் மட்டும் தேடுவது, பிடிஎஃப் கோப்புகளை மட்டும் கேட்பது என்ற மூன்றையும் பழகினாலே, யாரும் எடுத்துப் பார்க்காத தணிக்கை அறிக்கைகளும் கூட்டக் குறிப்புகளும் வந்து விழும். ஆவணங்களைப் பொறுத்தவரை இந்த மூன்றில் கூகுள்தான் என் முதல் தேர்வு.

ஆய்வுகளுக்கு 2004-ல் வந்த கூகுள் ஸ்காலர் வசதியானது. ஒரு கட்டுரையின் கீழே, அதை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளின் பட்டியல் ஒரே சொடுக்கில் வரும். பழைய ஆய்வை யார் மறுத்தார்கள், யார் திரும்பச் செய்து பார்த்தார்கள் என்று முன்னோக்கி நடக்கலாம். பணம் கேட்கும் கட்டுரைக்கு இலவசப் பிரதி இருந்தால் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பில் அதுவும் அகப்படும். ஆனால் எந்தெந்த இதழ்களைச் சேர்த்திருக்கிறோம் என்ற முழுப் பட்டியலை ஸ்காலர் தருவதில்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் நல்ல இதழ்களும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். என் இரண்டாவது கேள்வியில் அது தோற்கிறது.

மருத்துவச் செய்தி என்றால் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டுக்கே போய்விடுங்கள். அது எந்த இதழ்களைச் சேர்க்கிறது என்பது வெளிப்படை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் தலையிலேயே அந்த அறிவிப்பும் இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை லான்செட்டில் வந்தது 1998-ல், 12 குழந்தைகளை வைத்து. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010-ல். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் 'புகழ்பெற்ற ஆய்விதழ்' என்றுதான் எழுதியிருப்பார்கள். அதே லான்செட்டில் கொரோனாவுக்குத் தந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி 2020 மே 22-ல் வந்த ஒரு கட்டுரை, தரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் ஜூன் 4-ல் திரும்பப் பெறப்பட்டது. சக ஆய்வாளர்கள் படித்துப் பார்த்த கட்டுரை என்பது ஒரு தகுதி, அவ்வளவுதான். உத்தரவாதம் இல்லை.

முன்னே பின்னே தெரியாத தளத்தை எடைபோடும் விதத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. 2017-ல் வைன்பர்க், மெக்ரூ என்ற இருவர் 10 வரலாற்றாசிரியர்களையும், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களையும், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்களையும் சில தளங்களின் முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். படிப்பாளிகள் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் வாசித்து, நல்ல வடிவமைப்பிலும் கனமான பெயரிலும் அடிக்கடி ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். தளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தை வைத்து ஒரு தளத்தை நம்புவது, மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோல்.

விக்கிப்பீடியாவா, சாட்பாட்டா?

இரண்டையும் 'மேற்கோள் காட்டாதே' என்ற ஒரே பெட்டியில் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

2009-ல் இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் இறந்தபோது, அயர்லாந்து மாணவர் ஒருவர் அவர் சொல்லாத ஒரு வாசகத்தை விக்கிப்பீடியாவில் அவர் சொன்னதாகச் சேர்த்தார். பல பத்திரிகைகளின் அஞ்சலிக் குறிப்புகளில் அது ஏறியது. பிரிட்டனின் கார்டியன் பிறகு திருத்தம் வெளியிட்டது. இதை விக்கிப்பீடியாவின் தோல்வியாகச் சொல்பவர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. ஆதாரம் இல்லை என்று விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் அந்த வாசகத்தைத் தாங்களே நீக்கியிருந்தார்கள். அதற்குள் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து பார்க்கவில்லை. அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியோடு வரலாறு இருக்கிறது, பேச்சுப் பக்கத்தில் சண்டை இருக்கிறது, அடியில் மூலங்களின் பட்டியல் இருக்கிறது. பொய் வந்தாலும் காலடித் தடம் விட்டுத்தான் போகும்.

சாட்பாட்டின் பொய்க்குத் தடம் இல்லை. 2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை உண்மை என்று தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகையில், ஏஐ உதவியோடு தயாராகி வந்த கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் இருந்த 15 புத்தகங்களில் 10 உலகிலேயே இல்லாதவை. எழுத்தாளர்கள் நிஜம், புத்தகங்கள் கற்பனை. வேறு நிறுவனம் தயாரித்துக் கொடுத்த இணைப்பிதழ் அது.

இப்போதைய கருவிகள் இணைப்புகளும் தருகின்றன. இணைப்பைத் திறந்தால் அங்கே அந்தத் தகவல் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலைதான், அதைச் செய்தால் மிச்சமாகும் நேரம் கொஞ்சம். தேடலின் தொடக்கத்தில் மட்டும் நான் அதை நாடுவேன்: ஒரு துறையில் இந்தப் பிரச்சினையை என்ன கலைச்சொல்லால் குறிக்கிறார்கள், வேறு எந்தச் சொற்களால் தேடலாம் என்று கேட்க. சொல் கிடைத்ததும் சாட்பாட்டை மூடிவிடலாம்.

சந்தா தரவுத்தளம், பழைய பத்திரிகைச் சுருள், வேபேக் மெஷின்

நெக்சிஸ், ஃபாக்டிவா போன்ற சந்தாத் தரவுத்தளங்கள் உங்கள் நூலகத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். பல்லாண்டுச் செய்திகளை ஒரு சொல்லால் துழாவலாம். ஆனால் 'தரவுத்தளத்தில் இல்லை, ஆகவே யாரும் எழுதவில்லை' என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். தங்கள் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இந்தத் தளங்களில் ஏற்றியதற்காக அமெரிக்காவில் எந்தப் பத்திரிகையிலும் ஊழியராக இல்லாத (ஃப்ரீலான்ஸ்) எழுத்தாளர்கள் வழக்குப் போட்டு 2001-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். விளைவாக, பல பழைய கட்டுரைகள் தளங்களிலிருந்து நீக்கப்பட்டன. அச்சுப் பிரதியில் அவை இன்றும் இருக்கின்றன. திரையில் அந்த ஓட்டை தெரியாது.

தரவுத்தளம் தருவது பெரும்பாலும் வெறும் உரை. பழைய பத்திரிகைகளைப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருளோ முழுப் பக்க வருடலோ (ஸ்கேன்) காட்டுவது பக்கத்தை: செய்தி முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்தில் வந்ததா, பதினோராம் பக்கத்தில் மூலையில் ஒதுங்கியதா, பக்கத்தில் யாருடைய விளம்பரம் இருந்தது. அக்காலத்தில் ஒரு சம்பவத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்று எழுதுகிறவருக்கு இது இல்லாமல் தீராது. சுருளைச் சுற்றுவது கழுத்து வலிக்கும் வேலை, ஆனாலும் தேடாத ஒன்று கண்ணில் படுவது அங்கேதான்.

இணையத்திலேயே பிறந்தவற்றுக்கு வேபேக் மெஷின். அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-லிருந்து பக்கங்களைச் சேமித்துவருகிறது, 2001-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் சொன்னது. ஓர் அமைச்சகம் சத்தமில்லாமல் மாற்றிய வாக்கியத்தை நேற்றைய, இன்றைய பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடிக்கலாம். எல்லாப் பக்கமும் அதில் இருக்காது. ஆகவே நீங்கள் நம்பி எழுதப்போகும் பக்கத்தைப் பார்த்த அன்றே அதில் சேமித்துவிடுங்கள், உங்கள் கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

வரைபடமா, மூலத் தரவா?

அரசுக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரியும் என்று ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010-ல் எழுதினார்கள். தலைவர்கள் மேடையில் சொன்னார்கள், பத்திரிகைகள் திரும்பச் சொன்னன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்பு வேலையாக அதைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். சராசரி எடுக்கும் கட்டத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தேர்வுகளையும் சரிசெய்தபோது, மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த வளர்ச்சி 2.2 ஆனது. இது 2013-ல்.

உலக வங்கி 2010-ல் தன் தரவுகளை இலவசமாகத் திறந்துவிட்டது. 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data) போன்ற தளங்கள் அழகான வரைபடத்தோடு மூலக் கோப்பையும் தருகின்றன. வரைபடத்தை மட்டும் எடுத்துப்போடுகிறவருக்கும் கோப்பை இறக்கி அடிக்குறிப்பு படிப்பவருக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. 'வேலையில்லாதவர்' என்று யாரை எண்ணினார்கள், எந்த ஆண்டில் அந்த வரையறையை மாற்றினார்கள் என்பது அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

கேட்டு வாங்குவது

தகவல் கேட்கும் உரிமைச் சட்டம் 1766-ல் ஸ்வீடனில் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மனுப்போட்டு வரும் காகிதத்துக்கு மேல் மூலம் இல்லை. ஆனால் அடுத்த வாரக் கெடுவுக்கு அது உதவாது. கல்வியாண்டின் முதல் மாதமே மனுவைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால்? செய்திக்குறிப்பை வைத்துக்கொண்டு எழுதாமல் கட்டுரையின் செய்முறைப் பகுதி, பிறகு ஒரு போன். நூலகர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் இரண்டு நிமிடம். மாணவர்கள் மிகக் குறைவாகக் கேட்கும் ஆள் அவர்தான், எந்தத் தரவுத்தளத்தில் என்ன இல்லை என்று அதிகம் தெரிந்தவரும் அவர்தான். அந்த ஒரு போனை ஆய்வு செய்தவருக்குப் போடாதீர்கள். அவர் தன் கட்டுரையைத்தான் சொல்வார். கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் அதே துறையில் வேறு இடத்தில் வேலை செய்பவர் ஒருவரைப் பிடித்து, "இதை நீங்கள் நம்புகிறீர்களா? எத்தனை பேரிடம் சோதித்திருக்கிறார்கள் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். சாக்லேட் செய்தியில் வெளியாள் ஒருவரைக்கூட யாரும் மேற்கோள் காட்டவில்லை.