நாலு மணிக்குள்ளா, நாலு மணி வரையா?

தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், லீவு லெட்டர் எல்லாம் போக, ஆங்கிலத்தில் மெயில் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு எழுதுகிறவர்கள், வளைகுடா கம்பெனிக்குச் சம்பள பாக்கி கேட்டு எழுதுகிறவர்கள், பேங்குக்கு எழுதுகிறவர்கள் என்று யாராவது ஒருவர் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷத்தில் என் காலை வாரியவை பெரிய பெரிய வார்த்தைகள் இல்லை. இரண்டு சின்ன ஆங்கில வார்த்தைகள்தான்: பை, அன்டில்.

முதல் அடி வீட்டிலேயே விழுந்தது. அக்கா மகனுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து போன் இன்டர்வியூ. எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று கேட்டு மெயில் போட்டிருந்தார்கள். அவன் நாலு மணி வரை வீட்டில் இருப்பான், அப்புறம் களியக்காவிளைக்குப் போகவேண்டும். நான் ரொம்பத் தெளிவாக எழுதுவதாக நினைத்து, "ஐ வில் பி அவைலபிள் பை ஃபோர்" என்று தட்டி அனுப்பிவிட்டேன். அவர்கள் நாலே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். பையன் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். ஹாரன் சத்தத்தில் ஒரு கேள்வியும் காதில் விழவில்லை. வேலை போச்சு. கம்பெனிமேல் ஒரு தப்பும் இல்லை. நான் எழுதியதற்கு அர்த்தம், "நாலு மணிக்குள் ஃப்ரீ ஆகிவிடுவேன், அதற்குமேல் கூப்பிடுங்கள்" என்பது. சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர். "மாமா, அந்த மெயில் நீங்க எழுதினதுதானே" என்று இப்போதும் குத்திக்காட்டுவான்.

ஒரு வார்த்தை மாறினால் அர்த்தம் இப்படித் தலைகீழாகுமா என்று சந்தேகமாக இருந்தால், இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"த ஷாப் வில் பி ஓப்பன் பை ஃபோர்."

"த ஷாப் வில் பி ஓப்பன் அன்டில் ஃபோர்."

முதலாவதைப் படித்தவர் நாலு மணிக்கு மேல் கடைக்கு வருவார். இரண்டாவதைப் படித்தவர் நாலு மணிக்கு முன்னால் ஓடி வருவார். வாக்கியத்தில் மற்ற எல்லா வார்த்தையும் ஒன்றுதான். இனி இதையே தமிழில் சொல்லுங்கள். "நாலு மணிக்குள் கடை திறந்துவிடும்." "நாலு மணி வரை கடை திறந்திருக்கும்." இங்கே மாறியது 'க்குள்', 'வரை' மட்டும் இல்லை. வினையின் வாலும் மாறிவிட்டது. ஒன்று 'விடும்', இன்னொன்று 'இருக்கும்'. தமிழில் இரண்டு இடத்தில் அடையாளம் இருப்பதால் நமக்குக் குழப்பமே வருவதில்லை. 'நாலு மணிக்குள் திறந்திருக்கும்' என்று யாராவது சொன்னால் காதே உறுத்தும். ஆங்கிலத்தில் வினை அப்படியே கிடக்கிறது, பாரம் முழுவதும் அந்தச் சின்ன வார்த்தையின் தலையில். அதில் கை தவறினால் பிடித்து நிறுத்த வேறு ஆள் கிடையாது.

பள்ளிக்கூடத்தையும் கொஞ்சம் குறை சொல்லவேண்டும். பை நமக்கு அறிமுகமாவது "ராவணா வாஸ் கில்ட் பை ராமா" என்ற செயப்பாட்டு வினையில். 'ஆல்' என்று மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சை எழுதினோம். நேரத்துக்கும் அதே வார்த்தை வரும் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

அந்த இன்டர்வியூவுக்குப் பிறகு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். எழுதப்போகும் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லி, வினையின் வாலைப் பார்ப்பேன். 'விடு' வந்தால் பை. 'இரு', 'கொண்டிரு' வந்தால் அன்டில். "பத்தாம் தேதிக்குள் பணம் கட்டிவிடுகிறேன்": பை. "பத்தாம் தேதி வரை ஊரில் இருப்பேன்": அன்டில். "ஆறு மணி வரை காத்துக்கொண்டிருந்தேன்": அன்டில். ஒரு எச்சரிக்கை உண்டு. இந்தச் சோதனையைப் பேச்சுத் தமிழில் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'வந்துவிடுங்கள்' என்பது பேச்சில் 'வந்திருங்க' ஆகிவிடும், அங்கே 'இரு' இருப்பதுபோலத் தோன்றும். எழுத்துத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் வால் சரியாகத் தெரியும்.

கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக ஒன்று சொல்வேன். பை என்றால் நம்மூரில் சாமான் போடும் பை. பைக்குள் என்று சொல்லிப் பாருங்கள், 'க்குள்' கூடவே வந்துவிட்டது. சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

வால் சோதனை எடுபடாத இடமும் இருக்கிறது. "பத்தாம் தேதி வரை விண்ணப்பிக்கலாம்" என்று நோட்டீசில் போடுகிறார்கள். 'விடு'வும் இல்லை, 'இரு'வும் இல்லை. 'வரை'யைப் பார்த்துவிட்டு, "ஐ வில் சப்மிட் அன்டில் டென்த்" என்று எழுதச்சொல்லி வருகிறவர்கள் அதிகம். அப்படி எழுதினால் பத்தாம் தேதி வரை தினமும் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்று ஆகும். இங்கே யார் பேசுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை படகு ஓடும். கவுண்டருக்கு உள்ளே இருப்பவருக்கு அது ஒரு நீளம், கதவு திறந்தே கிடக்கிறது. அதனால் அவருக்கு அன்டில். வெளியே க்யூவில் நிற்பவருக்கோ டிக்கெட் ஒரு தடவை கையில் கிடைத்தால் போதும். அவருக்கு பை. ஒரே கடிகாரம், ஒரே நாலு மணி, உள்ளே ஒரு வார்த்தை, வெளியே ஒரு வார்த்தை.

கடந்த காலத்துக்கும் இதே கணக்குதான். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய், அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி 1777-ல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார். கல்லறை எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அவர் கதைக்கு அன்டில். காமராஜர் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் எம்.பி. ஆனார், 1975-ல் இறக்கும் வரை அவர்தான் எம்.பி. அதற்கும் அன்டில். ஆனால் "1975-க்குள் ஆறு வருஷம் எம்.பி.யாக இருந்துவிட்டார்" என்றால்? 'இருந்து' ஒரு பக்கம், 'விட்டார்' ஒரு பக்கம். கடைசி வால்தான் கணக்கு. "பை 1975 ஹீ ஹேட் பீன் எம்.பி. ஃபார் சிக்ஸ் இயர்ஸ்."

அன்டிலில் இன்னொரு வம்பு உண்டு, அதில் தமிழும் உடந்தை. 'வரை' என்றால் அந்தக் கடைசி நாள் சேர்த்தியா, சேர்த்தி இல்லையா? எங்கள் மாவட்டத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும், அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் ஜூன் முதல் பதினான்கு நாள் இரண்டு பக்கமும் படகு கரையில் கிடக்கும். சரி, 'ஜூலை 31 வரை' என்றால் 31-ஆம் தேதி கடலுக்குப் போகலாமா? தேதியை மட்டும் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். ஆனால் தடைக்காலம் 61 நாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஜூனில் 30, ஜூலையில் 31, கூட்டினால் 61. அப்படியானால் 31-ஆம் தேதியும் தடையில் சேர்த்தி. கிழக்குக் கணக்கும் அப்படியே: ஏப்ரலில் 16, மேயில் 31, ஜூனில் 14. எண்ணிக்கை கூடவே இருந்ததால் தப்பித்தோம். மெயிலில் எண்ணிக்கை இருக்காது. அமெரிக்கக் கம்பெனிக்கு எழுதும்போது நான் அன்டிலை விட்டுவிட்டு 'த்ரூ' போடுவேன், கடைசி நாளும் உள்ளே வந்துவிடும். மற்றவர்களுக்கு தேதிக்குப் பின்னால் 'இன்க்ளூசிவ்'. பை பக்கம் இதே சந்தேகம் வந்தால் நம் ஆபீஸ்களின் பழைய 'ஆன் ஆர் பிஃபோர்' இருக்கவே இருக்கிறது. பழைய கோட்டு போட்டதுபோல இருக்கும், ஆனால் ஒருத்தரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

இனி, நான் அதிகம் திருத்தும் வாக்கியம்: "அன்டில் யூ டோன்ட் கம், ஐ வில் நாட் ஸ்டார்ட்." நீங்கள் வராத வரைக்கும் தொடங்க மாட்டேன் என்று மனசுக்குள் ஓடும் தமிழ் அப்படியே கைக்கு வந்துவிட்டது. தமிழில் 'வரும் வரை', 'வராத வரை' இரண்டும் வெவ்வேறு சரக்கு. அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு செய்கிறவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். "மழை வரும் வரை வெட்டினோம்" என்றால் மழை வந்தது, வேலை நின்றது. "மழை வராத வரை வெட்டலாம்" என்றால் மழை இன்னும் வரவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம். முதலாவதுதான் அன்டில். இரண்டாவது அன்டிலே இல்லை, 'ஆஸ் லாங் ஆஸ்'. ஆகவே அன்டிலுக்குப் பின்னால் 'டோன்ட்', 'டஸ்ன்ட்' வந்து உட்கார்ந்தால் நான் முதலில் அதைத்தான் வெட்டுவேன். 'நாட்' முன்பாதியில் இருந்தால் தப்பில்லை. "ஐ வில் நாட் ஸ்டார்ட் அன்டில் யூ கம்": நீங்கள் வந்த பிறகுதான் தொடங்குவேன். அந்த 'பிறகுதான்' நாவில் வந்தால் 'நாட் அன்டில்' போடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பை, அன்டில் சண்டைக்குப் பக்கத்திலேயே இன், விதின் என்று இன்னொரு ஜோடி நிற்கிறது. இதில் மட்டும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. "ரெண்டு மணிக்கூர் கழிஞ்சு வாரும்" என்று எங்கள் பக்கம் சொல்வோம். மலையாளத்து வாடை என்று திருநெல்வேலிக்காரர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். அந்தக் 'கழிஞ்சு'தான் "கம் இன் டூ அவர்ஸ்" என்பதில் உள்ள இன். இரண்டு மணி நேரம் ஓடித் தீரவேண்டும், அப்புறம் வரவேண்டும். "ரெண்டு மணிக்கூருக்குள்ள வாரும்" என்றால் விதின், இப்போதே வந்தாலும் சரி. ஆஸ்பத்திரி லேபில் "இன் டூ அவர்ஸ்" என்று சொன்னதைக் 'குள்' என்று எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் போய் நின்று ரிசல்ட் கேட்டவனும் நான்தான். "ஹீ ஃபினிஷ்ட் இட் இன் டூ அவர்ஸ்" என்று முடிந்துபோனதைச் சொன்னால் மட்டும், அது எடுத்துக்கொண்ட நேரம். அங்கே கழிஞ்சு வராது.

டில், அன்டில் இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி. டில்லை அன்டிலின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் டில்தான் மூத்தது. எழுதும்போது டில்லுக்குக் கடைசியில் இரண்டு எல், அன்டிலுக்கு ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம். பேச்சுக்கும் வாட்ஸப்புக்கும் டில், லெட்டருக்கு அன்டில் என்பது என் பழக்கம், சட்டம் இல்லை.

போன வாரம் குளச்சலிலிருந்து ஒரு விசைப்படகுக்காரர் வந்தார். கொச்சியில் இருக்கும் எஞ்சின் கம்பெனிக்கு மெயில் போடவேண்டும். தடைக்காலம் முடியும் வரை படகு கரையில்தான் கிடக்கும், ஆள் அனுப்பலாம். ஆனால் தடை முடிவதற்குள் வேலை முடிந்துவிடவேண்டும், ஆகஸ்ட் 1 கடலுக்குப் போகவேண்டும். ஒரே மெயிலில் இரண்டும் வேண்டும். "த போட் வில் பி ஆஷோர் அன்டில் 31 ஜூலை. ப்ளீஸ் கம்ப்ளீட் த வொர்க் பை 31 ஜூலை" என்று அடித்தேன். அக்கா மகன் பின்னால் நின்று ஸ்கிரீனைப் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெங்களூர் மெயிலுக்குப் பிறகு அவன் நான் அடிப்பதைப் படிக்காமல் விடுவதில்லை.

"அன்டில் செரி, பையும் செரி" என்றான். "முப்பத்தொண்ணு சேத்தியா, மாமா?"

இன்க்ளூசிவ் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு அனுப்பினேன்.