பீயிங் எரிக்கா: பல வருஷமா திரும்பத் திரும்ப பாத்துகினு இருக்கற எங்க கும்பலோட அனுபவம்

இந்த சீரியல ஒரே மூச்சுல பாத்து முடிச்சிங்கன்னா பாதி ருசி போயிடும். வாரத்துக்கு ஒண்ணு பாக்கணும், பாத்துட்டு யார்கிட்டயாவது உக்காந்து சண்டை போடணும், அடுத்த வாரம் வரைக்கும் அது மண்டைக்குள்ள ஓடணும், அப்பதான் இது இன்னா பண்ணுதுன்னு தெரியும். நாங்க வேலூர் சத்துவாச்சாரில ஒரு தெருக்காரங்க சேந்து இப்படித்தான் பல வருஷமா பாத்துகினு இருக்கோம், அதனால ஒரு தடவை பாத்தவங்க எழுதற ரிவ்யூவுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். கதை முடிவு வரைக்கும் பேசுவேன், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. கனடால சிபிசி சேனல்ல 2009 ஜனவரில ஆரம்பிச்சு 2011 டிசம்பர்ல முடிஞ்சது, நாலு சீசன், மொத்தம் 49 எபிசோடு, உருவாக்குனவங்க ஜானா சினியர். டொரண்டோல எரிக்கா ஸ்ட்ரேஞ்ஜ்னு 32 வயசு பொண்ணு, எம்ஏ படிச்சிருக்கா, ஆனா படிப்புக்கேத்த வேலை இல்ல, இருந்த வேலையும் போயிடுது, லவ்வும் ஒண்ணும் சரியில்ல. ஹேசல்நட் காபி குடிச்சி அலர்ஜியாகி ஆஸ்பத்திரில கெடக்கறப்ப டாக்டர் டாம்னு ஒருத்தர் வந்து கார்டு குடுக்கறார். வாழ்க்கைல எதெல்லாம் வருத்தமோ அத்தனையும் லிஸ்ட்டா எழுதுன்றார், எழுதுனா அதுல ஒண்ண புடிச்சி அந்த நாளுக்கே அனுப்பி வெச்சிடறார். எரிக்காவா எர்ன் கார்ப்லக், டாக்டர் டாமா மைக்கேல் ரைலி. எங்களுக்கு இது வந்தது டொரண்டோல செட்டில் ஆன என் அத்தை பொண்ணு மூலமா, அவதான் டிவிடி செட் அனுப்பிச்சா, அங்க அவ தினம் நடக்கற ரோடெல்லாம் இதுல வருதாம்.

எங்க கும்பல்ல இருக்கறவங்கள சொன்னாதான் மத்தது புரியும். ஆஸ்பத்திரில வேலை செய்யற நர்ஸ் அக்கா ஒருத்தங்க, ராணிப்பேட்டைல தோல் கம்பெனிக்கு போய் வர்ற அண்ணன், ரிட்டயர் ஆன எதிர்வீட்டு டீச்சரம்மா, காட்பாடி பக்கம் காலேஜ் படிக்கறப்ப வந்து ஒட்டிக்கின ஒரு தம்பி, அப்புறம் நானு. ஞாயித்துக்கெழமை சாயந்திரம் டீச்சரம்மா வீட்டு ஹால்ல. வேலூர் வெயிலுக்கு ஏப்ரல் மே மாசத்துல மட்டும் ராத்திரி ஒம்பதுக்கு மேல மொட்டை மாடில லேப்டாப்ப வெச்சிப்போம்.

முதல் தடவை பாக்கறப்ப எல்லாரும் போட்ட சண்டை ஒண்ணுதான், இவ யார கட்டிக்கணும். ஈத்தனா, கையா, அப்பால மூணாவது சீசன்ல வர்ற ஆடமா. ஈத்தன் காலேஜ் காலத்து ஃப்ரெண்டு, சொந்தக் கல்யாணம் முறிஞ்சி வந்து நிக்கறவன், நல்லவன். அண்ணன் ஈத்தன் கட்சி, "அவன் இன்னா தப்பு பண்ணான் சொல்லு, ஒரு தப்பு சொல்லு"ன்னு ரெண்டாவது சீசன்ல அவங்க பிரிஞ்சப்ப டீவி மேலயே கோச்சுக்கினாரு. தம்பி கை கட்சி. கை புக்கர் காபி கடைல வேலை செய்யற பையன் மாதிரிதான் வர்றான், பாத்தா அவனும் இதே வைத்தியத்துல இருக்கற ஆளு, 2019லேர்ந்து பின்னாடி வந்திருக்கான். நாங்க பாத்தப்பவே நெஜமான 2019 எங்களுக்கு தாண்டிப் போயிடுச்சி, ஆனாலும் 2009ல உக்காந்து அத எழுதுனவங்களுக்கு அது தூரத்து எதிர்காலம்னு நெனச்சிக்கினே பாத்தோம், அதுல ஒரு தனி சந்தோஷம் இருக்குது.

ரெண்டாவது சுத்து பாக்கறப்ப அந்த சண்டை தானா நின்னு போச்சு. யாரும் சொல்லி நிறுத்தல. எல்லாரும் டாக்டர் டாம பாக்க ஆரம்பிச்சிட்டோம். இந்த மனுஷன் செய்யறது சரியா, இது வைத்தியமா, இல்ல ஒரு பொண்ண போட்டு படுத்தறாரா. அவளுக்கே தெரியாம பழைய நாள்ல ஏதோ ஒரு வேஷத்துல வந்து நிக்கறார், கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லாம யாரோ பெரியவங்க சொன்ன பொன்மொழிய எடுத்து விடறார். முதல் தடவை எனக்கு அது எரிச்சலா இருந்துச்சி. திரும்ப பாக்கறப்பதான் கவனிச்சேன், அவருக்கு உள்ளுக்குள்ள ஆட்டம் காணறப்ப தான் அந்தப் பொன்மொழி அதிகமா வருது, அது அவரோட கேடயம். ரெண்டாவது சீசன் முதல் எபிசோடுல எரிக்காவே அவரோட கடந்த காலத்துக்குள்ள போயி அவரும் உடைஞ்சி போன ஒரு அப்பான்னு பாக்கறா இல்ல, அத பாத்தப்புறம் முதல் சீசன மறுபடி பாருங்க, மைக்கேல் ரைலி ஒவ்வொரு சீன்லயும் அந்த மகள மனசுல வெச்சிக்கினே நடிச்ச மாதிரி தெரியும்.

இப்ப லியோ விஷயம். இத எழுதாம இந்த சீரியல பத்தி எழுத முடியாது. லியோ எரிக்காவோட அண்ணன், ஒரு கொட்டகைல தீப்புடிச்சி செத்துட்டான். வைத்தியத்துல ரூல் என்னன்னா உன் முடிவ மாத்திக்கலாம், சாவ மாத்தக் கூடாது. முதல் சீசன் கடைசில அவ அந்த ரூல உடைக்கப் போறா. நர்ஸ் அக்கா இந்த எபிசோடு ஓடறப்ப எப்பவும் எழுந்து தண்ணி குடிக்க போயிடுவாங்க, ஒரு தடவை மட்டும் உக்காந்து பாத்துட்டு சொன்னாங்க, "எங்க வார்டுல வர்றவங்க எல்லாருமே இதத்தான் கேக்கறாங்க, நேத்தே கூட்டிகினு வந்திருந்தா பொழைச்சிருப்பாரா சிஸ்டர்னு. நான் இன்னா சொல்றது சொல்லு." அவங்க கட்சி டாக்டர் டாம் பக்கம்தான், ரூல் ரூல்தான்னு. அண்ணன் ஒத்துக்கவே மாட்டாரு. கதவு திறந்து இருக்கு, உள்ள தம்பியோ அண்ணனோ எரியறான், போகாம எவன் நிப்பான்னு கேப்பாரு. எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரியாதான் படுது, அந்த எபிசோடு எழுதுனவங்களும் ரெண்டு பக்கத்தையும் முழுசா மதிச்சிதான் எழுதி இருக்காங்க, அதனாலதான் அது இவ்ளோ வருஷம் கழிச்சும் ஆறாம இருக்குது.

இதே ரூல் எங்களுக்கு வேற விதமா வந்து நின்னுச்சி. நாங்களும் ஒரு தீபாவளி லீவுல ஆளுக்கொரு லிஸ்ட் எழுதுனோம். டீச்சரம்மா தான் கேட்ட ஒரு டிரான்ஸ்ஃபர எழுதி இருந்தாங்க, நான் எழுதினது இங்க வேணாம். அண்ணன் 2021 நவம்பர எழுதி இருந்தாரு. அந்த மாசம் பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, வருஷக்கணக்கா மணலா கெடந்த ஆறு ரெண்டு கரையும் தொட்டுகினு ஓடுச்சு, அவரோட மாமியார் வீடு ஆத்தோரம், சாமான் எல்லாம் பூடுச்சி. முந்தின நாளுக்கு போயி அத்தனையும் மாடிக்கு ஏத்தணும்னு எழுதி இருந்தாரு. தம்பி உடனே சொன்னான், அண்ணா டாக்டர் டாம் இத எடுத்துக்க மாட்டாரு, மழை உங்க முடிவு இல்ல. அப்ப டீச்சரம்மா கேட்டாங்க, மழை இல்லப்பா, முந்தின நாள் மாமியார் போன் பண்ணப்ப நீ இன்னா சொன்ன. அவரு கொஞ்ச நேரம் பேசல. வேலை இருக்குது நாளைக்கு வர்றேன்னு சொன்னேன்னாரு. டாக்டர் டாம் எடுக்கறது அந்த போன் காலத்தான். சீரியலோட மொத்த ஐடியாவும் எனக்கு அன்னிக்குதான் முழுசா புரிஞ்சிது.

ஏன்னா எரிக்கா பின்னாடி போயி செய்யறதால பெரும்பாலும் பெருசா ஒண்ணும் மாறாது. அன்னிக்கு செஞ்சத விட்டுட்டு வேற ஒண்ணு செஞ்சா வேற ஒரு வம்பு வருது, சில சமயம் இவ இத்தன வருஷம் தப்புன்னு நெனச்சிகினு இருந்தது அப்போதைக்கு சரியான முடிவாவே இருக்குது. திரும்பி வந்து இன்னிக்கி இருக்கற பிரச்சனைல அத உபயோகப்படுத்தறா, அவ்ளோதான். அவ போறது பாதிக்கு மேல தொண்ணூறுகளுக்கு. அந்த உடுப்பு, அந்த முடி, பாட்டு எல்லாம் வேற நாட்டுது, ஆனா அவ ஹைஸ்கூல் படிக்கறப்ப எங்க மாவட்டத்துக்கு பேரு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், நாங்க எஸ்டிடி பூத் வாசல்ல நின்னுகினு இருந்தோம், அந்த வயசுல மனசுல இருந்த பயம் மட்டும் அவளுக்கும் எங்களுக்கும் ஒண்ணாதான் இருந்திருக்குது.

நர்ஸ் அக்கா ஒரு குறை சொல்லுவாங்க, அது நியாயமான குறை. எரிக்கா அந்த ரூமுக்குள்ள தனியா போறா, அம்மா, ரப்பியா, அதாவது யூத மதகுருவா இருக்கற அப்பா, தங்கச்சி சாம், யாருக்கும் ஆரம்பத்துல இது தெரியாது. ஆனா அவ வருத்தத்துல பாதி இந்த வீட்டாளுங்களோடதான். நம்ம பாகாயத்துல சிஎம்சி மனநல மையம் 1950கள்ல ஆரம்பிச்ச காலத்துலேர்ந்தே பேஷண்டோட வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும்ன்ற முறை வந்துடுச்சி, குடும்பமும் வைத்தியத்துல ஒரு பங்குன்னு. அதுக்கு விதை போட்ட டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸும் கனடாக்காரங்கதான்னு அக்கா சொல்லுவாங்க, சொல்லிட்டு, "அந்த ஊர்லேர்ந்து வந்த அம்மா இங்க குடும்பத்தோட வெச்சி பாத்தாங்க, அந்த ஊர் சீரியல்ல இவள தனியா விட்டுட்டாங்களே"ன்னு ஆதங்கப்படுவாங்க. எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. லியோவ பத்தி அம்மாவும் பொண்ணும் உக்காந்து பேசற சீன் வர்றப்பல்லாம் அந்த எபிசோடு ஒரு படி மேல போயிடுது, அது இன்னும் நிறைய இருந்திருக்கலாம்.

பல தடவை பாத்ததுல தேய்ஞ்சி போன இடமும் இருக்குது. இன்னிக்கி ஒரு பிரச்சனை, அதுக்கு ஜோடியா பழைய வருத்தம் ஒண்ணு, போயிட்டு வந்து ஒரு தெளிவு, இந்த அச்சு ரெண்டாவது சீசன் நடுவுல அலுக்குது. சாமோட புருஷன் ஜாஷ் வர்ற சீனெல்லாம் நாங்க இப்ப ஓட்டி விட்டுடறோம். மூணாவது சீசன்ல குரூப் தெரபின்னு கொண்டாந்து காப்பாத்திட்டாங்க, இவளோட வருத்தம் மட்டும் இல்லாம அடுத்தவங்க வருத்தத்தையும் இவ கேட்டுகினு உக்காரணும், பொறுமை படிக்கறா. முன்கோபக்காரன் ஆடம் அங்கதான் வர்றான்.

ஜூலியான பத்தி தனியா சொல்லணும். முதல் சீசன்ல பதிப்பகத்துல எரிக்காவ ஆட்டி வெக்கற பாஸ், அப்ப எங்க வீட்ல அவ மூஞ்சிய பாத்தாலே ஆகாது. அப்புறம் ரெண்டு பேருக்கும் வேலை போயி, சேந்து 50/50 பிரஸ்னு சொந்தமா பதிப்பகம் ஆரம்பிக்கறாங்க. ஒவ்வொரு சுத்துலயும் எங்களுக்கு புடிச்ச கேரக்டர் மாறிகினே வந்துச்சி, கடைசில எல்லாரும் வந்து நின்னது ஜூலியான்கிட்டதான். தனக்கு டாக்டர் டாம் யாரும் இல்லாமலே மாறுன ஒரே ஆளு அவதான்னு டீச்சரம்மா சொன்னாங்க, அத இதுவரைக்கும் எங்க கும்பல்ல யாரும் மறுத்து பேசல. ரீகன் பாஸ்டர்நாக் நடிப்பு அப்படி, கத்தறப்பவும் பயந்த புள்ளையா தெரியுவா.

நாலாவது சீசன் 11 எபிசோடுதான், எரிக்காவே டாக்டர் ஆகறதுக்கு பயிற்சி எடுக்கறா, கடைசில ஆயிடறா. இதுல எங்களுக்குள்ள இன்னும் சமாதானம் ஆகல. தம்பி சொல்றான் இதுதான் சரியான முடிவு, வைத்தியம் பாத்துக்கினவ வைத்தியம் பாக்கறவளா ஆகணும்னு. அண்ணன் சொல்றாரு அவ எழுத்தாளரா ஆகணும்னுதானே ஆரம்பிச்சா, அத எங்க விட்டாங்கன்னு. நான் தம்பி பக்கம். ஆனா டாக்டர் ஆகறதுக்கு அவளுக்கு இன்னும் ரெண்டு மூணு எபிசோடு இடம் குடுத்திருக்கணும், பேஷண்ட எதிர்ல வெச்சிகினு என்ன சொல்றதுன்னு தெரியாம தவிக்கற எரிக்காவ நாங்க போதுமான அளவு பாக்கவே இல்ல. முதல் மூணு சீசன்ல டாக்டர் டாம் எவ்ளோ கஷ்டப்பட்டு வாய மூடிகினு இருந்தார்னு அவளுக்கே அங்கதான் தெரிய வருது, அந்த இடத்த ஓட்டமா கடந்துட்டாங்க.

புதுசா பாக்கப் போறவங்க சப்டைட்டில் போட்டு பாருங்க, டாக்டர் டாம் பேசற வேகத்துல முக்கியமான வரி நழுவிடும். முதல் ரெண்டு எபிசோட வெச்சி முடிவு பண்ணிடாதீங்க, லியோ வரைக்கும் வாங்க. நாங்க இப்ப மறுபடி மூணாவது சீசன் நடுவுல இருக்கோம், இந்த சுத்துல அண்ணன் ஆடம் பக்கம் சாய ஆரம்பிச்சிருக்காரு, ஈத்தன விட்டுட்டீங்களான்னு கேட்டா அவன் நல்லவன்தான், ஆனா இவ கோவப்பட்டா இவன்தான் பயப்படாம நிக்கறான்னு சொல்றாரு.